கோழிக்கு எடுத்த அளவு

சம்பந்தி,

இதை எழுதும்போது என் தையல் மெஷின்மேல் உங்கள் ஆப்பு ஒன்று கிடக்கிறது. ஒரு சாண் நீளம், ஒரு முனை தடிமன், மறுமுனை மெலிசு. கொடுவாளால் நீங்கள் செதுக்கிய தடம் அப்படியே இருக்கிறது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நீலகிரி மரத்தின் வாசனை இன்னும் லேசாக வருகிறது. ஜலதோஷத்துக்கு நெஞ்சில் தேய்க்கிற தைலத்தின் வாசனை. போன செவ்வாய்க்கிழமை உங்கள் கோழிக்கூண்டைப் பிரித்தபோது கடைசியாகக் கழன்ற ஆப்பு இது. மேஸ்திரி அதைக் குப்பையோடு வாரிப்போடப் போனார், நான் பிடுங்கிக்கொண்டேன். அறுபத்தெட்டு வயதுக்காரன் ஒரு மரத்துண்டுக்காக மேஸ்திரியோடு மல்லுக்கட்டியதை உங்கள் மருமகள், அதாவது என் மகள் கலா, ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூண்டைப் பிரித்துவிட்டார்களா என்று பதற வேண்டாம். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீங்கள் காது கொடுத்துக் கேட்க மாட்டீர்கள்.

கல்யாணமான நாளிலிருந்து ஏழு வருஷம் நாம் இருவரும் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டு நிறையாது. 'சாப்பிட்டீங்களா', 'பஸ் கிடைச்சுதா', 'அங்க மழையா'. பெண்ணைக் கொடுத்தவனுக்கு ஒரு பயம், பெண்ணை எடுத்தவருக்கு ஒரு கூச்சம். நீங்கள் உட்காராமல் நான் உட்கார மாட்டேன், நான் உட்காராமல் நீங்கள் உட்கார மாட்டீர்கள். ஹெப்பகோடியில் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் இரண்டு கிழவர்கள் நின்றுகொண்டே காபி குடித்துவிட்டு, நின்றுகொண்டே டம்ளரைக் கொடுத்திருக்கிறோம். ஒருநாள் கலா இரண்டு நாற்காலியைப் பின்னாலிருந்து நம் முழங்காலில் இடித்து உட்கார வைத்தாளே, அன்றைக்குத்தான் நாம் உட்கார்ந்த முதல் நாள்.

நீங்கள் அந்த வீட்டுக்கு வந்தது உங்கள் விருப்பத்தில் இல்லை. தங்கவயலில் சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகியும், சம்பந்தியம்மா போன பிறகும், தொழிலாளர்களுக்குக் கட்டிய அந்த லைன் வீட்டிலேயே தனியாகக் கிடந்தீர்கள். ஒருநாள் குளியலறையில் விழுந்து, எழ முடியாமல், பால்காரர் வந்து கூப்பிடும்வரை அப்படியே கிடந்தீர்கள். நெஞ்சில் ஏற்கெனவே பாறைத்தூசி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மாப்பிள்ளை போய் ஏறக்குறையத் தூக்கிக்கொண்டுதான் வந்தார். ஒரு பச்சை டிரங்க் பெட்டியோடு வந்தீர்கள். அந்தப் பெட்டியை மூன்று மாதம் காலி செய்யவில்லை. அலமாரியில் கலா ஒதுக்கிக் கொடுத்த தட்டு காலியாகவே இருந்தது. தினமும் பெட்டியைத் திறந்து ஒரு வேட்டி எடுப்பீர்கள், துவைத்ததை மடித்து மறுபடி அதிலேயே வைத்துப் பூட்டுவீர்கள். ரயில் எத்தனை மணிக்கு என்று வாரம் ஒருமுறை யாரிடமாவது கேட்பீர்கள்.

இன்னொன்றும் செய்தீர்கள். வீட்டுச் சுவரையெல்லாம் விரலை மடக்கி மூன்று முறை தட்டிப் பார்ப்பீர்கள். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பீர்கள். முப்பது வருஷம் டிம்பர்மேன் வேலை. குடைந்த இடத்தில் மேலே இருக்கிற பாறை சரிந்துவிடாமல் கட்டை நிறுத்தி முட்டுக் கொடுக்கிறவருக்கு அந்தப் பழக்கம் போகாது. "நல்ல பாறை கணீர்னு சொல்லும் சம்பந்தி. கெட்டது டொக்குனு சொல்லும். அது சொன்னப்புறம் நின்னா நம்ம தப்பு" என்பீர்கள். ஆஸ்டின் டவுனில் என் தையல் கடைக்கு ஒரே ஒரு முறை வந்தீர்கள். வந்ததும் என் கடைச் சுவரைத் தட்டினீர்கள், ஷட்டரைத் தட்டினீர்கள், மெஷின் பலகையைத் தட்டினீர்கள்.

"உங்க மெஷினுக்கு ஒரு கால் பொய் சம்பந்தி. ஆடுது. ஒரு ஆப்பு அடிச்சுத் தரட்டா?"

"முப்பது வருஷமா ஆடுதுங்க. எனக்கு ஆடினாத்தான் தைக்கவே வரும்" என்றேன். நீங்கள் அந்த மெஷினைப் பார்த்த பார்வையில் என் தொழில்மேலேயே உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது தெரிந்தது.

மாதக் கடைசியில் போய்விடப் போவதாக நீங்கள் சொன்ன அன்று கலா எனக்குப் போன் செய்து அழுதாள். "அப்பா, அங்க மறுபடியும் விழுந்தா பால்காரர் வர்றதுக்குள்ள என்ன ஆகுமோ. அவரு பையன் சொல்லிப் பார்த்தாச்சு, நான் சொல்லிப் பார்த்தாச்சு. நீங்க பேசுங்க" என்றாள்.

"சம்பந்திகிட்ட நான் எப்படிம்மா பேசறது? சாப்பிட்டீங்களான்னு வேணா கேக்கறேன்" என்றேன்.

அவளே யோசித்துக் கண்டுபிடித்ததுதான் கோழி. உயிருள்ள ஒன்றை உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டால் அதை விட்டுவிட்டுப் போக உங்களுக்கு மனசு வராது என்றாள். நாய் வாங்கலாமே என்று கேட்டேன். "நாய் அவரோடயே கேஜிஎஃப் ரயில் ஏறிடும்ப்பா. கோழி ஏறாது" என்றாள். என் மகளுக்கு அவள் அம்மாவின் மூளை.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை, என் கடைக்கு வார விடுமுறை நாளில், நாலு நாட்டுக்கோழியைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாற்றிப் போகிறார், என் தலையில் கட்டிவிட்டார், ஆஸ்டின் டவுனில் எனக்கு வைத்துக்கொள்ள இடமில்லை என்று வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த பொய்யைச் சொன்னேன். நீங்கள் கோழியைப் பார்த்தீர்கள், காலில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "வாயில்லா ஜீவன். ஒரு கூண்டு கட்டிக் குடுத்துட்டுப் போறன்" என்றீர்கள். கட்டிக் கொடுத்துவிட்டு இருக்கிறேன் என்று சொல்லவில்லை. கலாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கடையில் கம்பிக்கூண்டு விற்கிறார்களே என்று மாப்பிள்ளை சொன்னது உங்களுக்குக் கோபம். வீடு கட்டுகிற இடங்களில் சாரத்துக்கு உபயோகித்துக் கழித்துப்போட்ட நீலகிரிக் கட்டைகளைத் தேடித்தேடிக் கொண்டுவந்தீர்கள். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விட்டீர்கள். கொல்லையில் இரண்டடி குழி எடுத்து நாலு மூலையிலும் கால் நட்டீர்கள், குறுக்கே உத்தரம் போட்டீர்கள். இதற்குச் சுரங்கத்தில் 'செட்' என்று பேர் என்றீர்கள். ஆணி என்ற பேச்சே கிடையாது. எல்லாம் ஆப்பு. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே அடித்தால் மேலே பாரம் ஏற ஏற இறுகும் என்றீர்கள். மேலே பாரம் வேண்டுமே, அதற்காகத் தகரத்தின்மேல் இரண்டு சப்படிக்கல்லை, அதாவது பெரிய கற்பலகைகளை, ஏற்ற வைத்தீர்கள். பூமி அதிர்ந்தாலும் நிற்கும் என்றீர்கள். நாலு கோழிக்கு ஆறடி நீளம், ஐந்தடி உயரம்.

"அப்பா, இது கோழிக்கா, போலீஸ் ஜீப்புக்கா?" என்று மாப்பிள்ளை கேட்டார். நீங்கள் அடுத்த ஆப்பைச் செதுக்கினீர்கள். மூச்சு வாங்கும்போதெல்லாம் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஆனால் அந்த மூன்று வாரமும் ரயில் நேரத்தை நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை என்று கலா போனில் சொன்னாள்.

வேலையின் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலையில் வாசல் அளவை என்னிடம் விட்டீர்கள். "அளவு உங்க டிபார்ட்மெண்ட் சம்பந்தி. நீங்க எடுத்துக் குடுங்க, நான் அப்பிடியே வெக்கறன்." எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு வருஷத்தில் முதல்முறையாக நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறீர்கள். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, நாலு கோழியில் பெரியதாக இருந்த செவலையைப் பிடித்து, மார்புச் சுற்றளவு எடுத்தேன், தோள் எடுத்தேன், நின்ற உயரம் எடுத்தேன். அது என் கையைக் கொத்திக் கொத்திப் புண்ணாக்கியது. பேண்டுக்கு அளவெடுக்கும்போது அசைகிற வாடிக்கையாளர்களைப் பார்த்திருக்கிறேன், கொத்துகிறவர் யாரும் வந்ததில்லை. தாராளமாக இரண்டு இஞ்ச் லூஸ் விட்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் அதைக் காதில் செருகிக்கொண்டு, இம்மி பிசகாமல் வைத்தீர்கள்.

அதே செவ்வாய்க்கிழமை. மாப்பிள்ளை முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தார், கலாவும் வேலைக்குப் போயிருந்தாள். மூன்று பக்கம் பலகை அடைத்தாகிவிட்டது, வாசல் வைத்த பக்கம் மட்டும் பாக்கி. நீங்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டு "பலகை" என்பீர்கள். நான் வெளியிலிருந்து ஒன்றை நீட்டுவேன். நீங்கள் உள்ளேயிருந்து அதை நிறுத்தி ஆப்பு அடிப்பீர்கள். மறுபடி "பலகை". இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. நான் அப்போது கல்யாணக் கோட்டு ஒன்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைப் பையன் அளவு கொடுத்த பிறகு பத்து கிலோ ஏறிவிட்ட கதை. நீங்களும் உள்ளேயிருந்து "அய்யய்யோ" என்று சிரித்துக்கொண்டே அடித்தீர்கள். கடைசிப் பலகை ஒல்லியாக இருந்தது. அதை நீட்ட வேறு வழியில்லாமல் கோழி வாசல் வழியாகத்தான் நீட்டினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கடைசி ஆப்பு இறங்கிய சத்தம். பிறகு மூன்று தட்டு. "கணீர்னு சொல்லுது. முடிஞ்சுது சம்பந்தி" என்றீர்கள்.

நீங்கள் உள்ளேயிருந்து வாசலைப் பார்த்தீர்கள், நான் வெளியிலிருந்து பார்த்தேன்.

"சம்பந்தி" என்றீர்கள்.

"சொல்லுங்க சம்பந்தி."

"வாசல் எவ்ளோ குடுத்தீங்க?"

"ஒன்பது இஞ்சுக்குப் பன்னெண்டு இஞ்சுங்க."

சுரங்கத்தில் கட்டை நிறுத்துகிறவர் எப்போதும் உள்ளே இருந்துதான் நிறுத்துவார். அங்கே உள்ளே என்ற ஒன்றுதான் உண்டு, வெளிப்பக்கம் பாறை. முப்பது வருஷம் அப்படியே கட்டிய கைக்கு, கோழிக்கூண்டுக்கு ஒரு வெளிப்பக்கம் இருக்கும் என்று தோன்றவில்லை. நானோ எதையும் உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்துவிட்டுக் கடைசியில் திருப்பிப் போடுகிறவன். கூண்டையும் எப்படியாவது திருப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

ஆப்பெல்லாம் உங்கள் பக்கம்தானே இருக்கிறது, இரண்டைத் தட்டிவிட்டு வாருங்கள் என்றேன்.

"தலைக்கு மேல லோடு இருக்கறப்ப கீழ நிக்கறவன் ஆப்பைத் தொடக் கூடாதுங்க. முப்பது வருஷம் தொடல. இன்னைக்கா தொடப்போறன்?"

"லோடு என்னங்க, ஒரு தகரம், ரெண்டு கல்லு."

"லோடு லோடுதான் சம்பந்தி."

சரி, கல்லை இறக்கலாம் என்றால், அதை ஏற்றுவதற்கே மாப்பிள்ளையும் அவர் நண்பரும் வேண்டியிருந்தது. ரம்பத்தால் அறுக்கலாமா என்றேன். ரம்பம் உள்ளே உங்களிடம் இருந்தது. சுத்தியும் உள்ளே, கொடுவாளும் உள்ளே. "அறுத்துட்டு வாங்களேன்" என்றேன். "கட்டின செட்டை அன்னைக்கே அறுக்கறதா?" என்று நீங்கள் கேட்ட குரலில், ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டவன் போல நான் வாயை மூடிக்கொண்டேன். வெளியே என்னிடம் இருந்தது ஒரு டேப், ஒரு கத்தரிக்கோல், காம்பவுண்டில் சாய்த்து வைத்திருந்த கடப்பாரை.

மணி பதினொன்று. மாப்பிள்ளையின் கம்பெனி பஸ் மூன்று மணிக்கு வரும். பெற்ற மகன் வந்து பார்க்கும்போது நீங்கள் கோழிக்கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது சொல்லாமலே நம் இருவருக்கும் தெரிந்திருந்தது. கயிறு அவிழ்த்து விட்டிருந்த கோழிகள் அதற்குள் வந்து சேர்ந்தன. செவலை வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. உரசாமல், குனியாமல் போயிற்று. பின்னாலேயே மற்ற மூன்றும். அளவு அப்படிப் பொருந்தியதைப் பார்த்து, அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டு ரத்னம்மா மொட்டை மாடியில் துணி காயப்போட வந்தவர் நம்மைப் பார்த்துவிட்டார். "ஏன் அண்ணா, நீவு வெளியே, பெரியவரு ஒளகே?" என்று தமிழும் கன்னடமுமாகக் கேட்டார்.

"செக்கிங்மா" என்றீர்கள் நீங்கள் உள்ளேயிருந்து, ஃபோர்மேன் குரலில். அவர் துணியை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். கால் மணியில் இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு மற்றதைக் கோழி வாசல் வழியாக உள்ளே நீட்டினார். அந்த வாசலில் டம்ளரும் சரியாகப் போயிற்று.

மோரைக் குடித்துவிட்டுத்தான் உங்களுக்கு வழி தோன்றியது. "மேல போக முடியலன்னா கீழதான். கடப்பாரையை எடுங்க சம்பந்தி. அடிக்கட்டைக்குக் கீழ குடையலாம்."

உங்கள் மூச்சுக்குக் குடைய முடியாது. என் வாழ்நாளில் ஊசியைவிடக் கனமான இரும்பை நான் பிடித்ததில்லை. ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். நீங்கள் செவலையை மடியில் வைத்துக்கொண்டு பலகை இடுக்கு வழியாக ஷிஃப்ட் நடத்தினீர்கள். "சின்னச் சின்னதா குத்துங்க. அகலமா போகாதீங்க, இறக்கிப் போங்க. நில்லுங்க, இப்பத் தட்டுங்க. என்னா சொல்லுது?"

"மண்ணு என்னங்க சொல்லும், மண்ணு."

"கேளுங்க. சொல்லும்."

கேட்டேன். எனக்கு என் முதுகெலும்பு சொன்னதுதான் கேட்டது. ஒரு சாண் குடைந்ததும் இரண்டு பக்கமும் முட்டுக் கட்டை வைக்கச் சொன்னீர்கள். கோழிக்கூண்டுக்குக் கீழே முட்டுக் கட்டை. வாய் திறக்காமல் வைத்தேன்.

ஒரு மணி இருக்கும். நான் வேர்த்து விறுவிறுத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் உள்ளே கோழியைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு உங்கள் முகம் பாதிதான் தெரிந்தது.

"சம்பந்தி, ஒண்ணு கேட்டா உண்மை சொல்லுவீங்களா?"

"கேளுங்க."

"ஆஸ்டின் டவுன் கோழிக்கு ஹெப்பகோடி சந்தைக் கயிறு எப்பிடி வந்துச்சு?"

மாட்டிக்கொண்டேன். கலா அழுததையும் கோழி வாங்கச் சொன்னதையும் சொல்லிவிட்டேன். நாய் வேண்டாம் என்றதைக்கூடச் சொன்னேன். ஏழு வருஷத்தில் உங்களிடம் நான் மனசு விட்டுப் பேசியது அதுதான் முதல் முறை. கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமல் அடங்க நேரமாயிற்று.

"கோழிய வெச்சு என்னைப் புடிக்கப் பாத்தீங்க. கடைசீல கூண்டுல யாரு மாட்டினதுன்னு பாருங்க" என்றீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "பையன் போவாதீங்கப்பான்னான். மருமகப்பொண்ணு போவாதீங்க மாமான்னுச்சு. விழுந்துடுவீங்க, மூச்சு வாங்கும், பாத்துக்க ஆளில்லன்னாங்க. எல்லாம் சரிதான். ஒருத்தராவது இங்க இருங்கன்னு கூப்பிட்டீங்களா? அங்க ஆவாதுன்னு சொல்றது வேற, இங்க வேணும்னு சொல்றது வேற இல்லியா சம்பந்தி? ஆவாத இடம்னா எனக்குப் பழக்கம். ஆவாத இடத்துலதான் முப்பது வருஷம் இருந்தன்."

நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. நானும் அதுவரை உங்கள் மூச்சைப் பற்றித்தான் யோசித்தேன், கலாவின் கவலையைப் பற்றித்தான் யோசித்தேன். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே ஓடி ஓடி வருவது உங்களைப் பார்க்கத்தான் என்பதை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. ஆஸ்டின் டவுனில் என்னோடு பேச இருந்தது அந்த ஆடுகிற மெஷின் ஒன்றுதான்.

"இருங்க சம்பந்தி" என்றேன். "எனக்காக இருங்க. நீங்க போயிட்டா செவ்வாய்க்கிழமை நான் எங்க போவன்?"

நீங்கள் செவலையின் இறக்கையை நீவிவிட்டீர்கள். பிறகு சொன்னீர்கள், "இப்ப வேற வழி? நீங்க குடையற வேகத்துல நான் இங்கதான் இருக்கப்போறன்."

இரண்டரைக்கு உங்கள் தலை வெளியே வந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் ஒல்லி என்பதால் பிழைத்தோம். செம்மண்ணில் ஊறிய இரண்டு கிழவர்களும் எழுந்து நின்று சட்டையைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வந்துவிட்டார். அன்றைக்கென்று கம்பெனி பஸ் சீக்கிரம். நம்மைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், கூண்டைச் சுற்றி ஒருமுறை வந்தார்.

"என்னாச்சுப்பா?"

"ஃபவுண்டேஷன் செக் பண்ணோம்."

"சரி. மனுசன் போற வாசல் எங்க? முட்டை யாரு எடுக்கறது? யாரு இந்த அளவு குடுத்தது?"

என் காது சூடாகிவிட்டது. சீட்டு இன்னும் உங்கள் காதிலேயே செருகியிருந்தது, என் கையெழுத்தோடு. நீங்கள் அதை எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டீர்கள். "நான்தான்டா" என்றீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை முன்னால், நாற்பது வருஷத் தையல்காரன் கோழிக்கு அளவெடுத்த கதையை எப்படிச் சொல்வது? இந்த மடலே ஒருவகையில் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதற்காகத்தான்.

மறுநாள் மாப்பிள்ளையும் அவர் நண்பரும் கல்லை இறக்கிக் கொடுக்க, நீங்கள் வெளியே நின்று முறைப்படி இரண்டு பலகையைக் கழற்றி ஒரு பெரிய வாசல் வைத்தீர்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் வந்தபோது, "உங்க அளவுக்குத்தான் வெச்சன். வயிறு இடிக்காது, குனிஞ்சு வாங்க" என்றீர்கள். குனிந்து போனேன். மூலையில் வைக்கோல் பரப்பி, மூடி கழற்றி, உங்கள் பச்சை டிரங்க் பெட்டி இருந்தது. அதற்குள் செவலை உட்கார்ந்து என்னை முறைத்தது. பெட்டியில் இருந்த வேட்டியெல்லாம் எங்கே என்று கேட்டேன். அலமாரியில் என்றீர்கள். கலா எனக்கு முதல் நாளே போன் செய்துவிட்டாள் என்பதை நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் அந்தக் கூண்டுக்குள்ளேயே, யாரும் யாருக்காகவும் காத்திராமல், குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம்.

அதற்குப் பிறகு மூன்றரை வருஷம். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம்கூட, சாயங்காலமானால் கோழி உள்ளே போயிற்றா என்று கேட்டீர்கள். போயிற்று என்றால்தான் கண்ணை மூடுவீர்கள்.

நீங்கள் போய் ஒன்றரை வருஷமாகிறது. என் கண்ணில் ஊசி நூல் கோப்பது நின்றுவிட்டது. போன ஆவணியில் கடையில் மயங்கி விழுந்தேன். அன்றிலிருந்து கலாவுக்கு அதே பல்லவி, தனியாக இருக்காதீர்கள், விழுந்துவிடுவீர்கள் என்று. எனக்கும் அதே பிடிவாதம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று. கொல்லையில் எனக்கென்று ஒரு அறை கட்டப் போவதாக மாப்பிள்ளை சொன்னபோது, உங்கள் கூண்டு இருக்கிற இடம்தான் இருக்கிறது என்று தெரிந்து, வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டேன். அவர் கேட்கவில்லை, மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். இருந்த இரண்டு கோழியை ரத்னம்மா வாங்கிக்கொண்டார். பெட்டியோடுதான் கொடுத்தேன். அது இல்லாமல் முட்டை வைக்க மாட்டேன் என்கின்றன.

போன செவ்வாய்க்கிழமை மேஸ்திரி வந்து உத்தரத்தில் ரம்பத்தை வைத்தார். ஒரு இழுப்பு இழுத்தார். அந்த வாசனை வந்தது. நான் போய் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். முதலில் மேலே இருக்கிற பாரத்தை இறக்கு, பிறகு கடைசியாக அடித்த ஆப்பை முதலில் எடு, கீழே யாரும் நிற்கக் கூடாது என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. மேஸ்திரி சிரித்தார், ஆனால் அப்படித்தான் செய்தார். ஒரு கட்டைகூட உடையவில்லை, சம்பந்தி. அந்த உத்தரத்தையே என் அறைக்கு மேலே பரண் போட வைத்துக்கொள்கிறேன் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கட்டைகளை அடுக்கி முடித்ததும் கலா காபியோடு வந்தாள். மனசு தாங்காமல் சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னைக்கு அந்த வாசல் அளவு குடுத்தது உங்க மாமா இல்ல. நான்தான்."

"தெரியும்ப்பா" என்றாள். "மாமா அன்னைக்கே சொல்லிட்டாரு. கோழிக்கு மார்பு அளவு எடுத்தீங்களாமே. நடிச்சே காட்டினாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாது, சம்பந்தி சங்கடப்படுவாருன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அதாவது ஐந்து வருஷமாக அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கும், ரத்னம்மாவுக்கும்கூட. உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. உடனே கண்ணில் தண்ணீரும் வந்தது.

கலா டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னொண்ணும் சொன்னாரு. உங்கப்பனுக்கும் ஒருநாள் இந்த நிலைமை வரும், அப்ப போகாதீங்கன்னு சொல்லாதம்மா, அதைக் கேட்டா எவனும் இருக்க மாட்டான்னாரு. நான்தான் மறந்துட்டு விழுந்துடுவீங்க விழுந்துடுவீங்கன்னு சொல்லிட்டே இருந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எனக்கு நீங்க வேணும்ப்பா. இங்கயே இருங்க."

நான் பதில் சொல்வதற்குள் மேஸ்திரி கொல்லையிலிருந்து கத்தினார். "சார், ரூமுக்கு வாசல் எவ்ளோ வெக்கட்டும்?"

"என்னைக் கேக்காதீங்க" என்றேன். கலா காபியைக் கொட்டிவிட்டாள்.

மெஷின் நேற்று டெம்போவில் வந்தது. அறை முடியும்வரை கூடத்தில், உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். இத்தனை நேரம் இதன்மேல் தாளை வைத்துத்தான் எழுதினேன். ஆடி ஆடி என் கையெழுத்து எப்படிப் போயிருக்கிறது பாருங்கள். இப்போது எழுந்து, நீங்கள் பொய் என்று சொன்ன அந்தக் காலுக்கு அடியில் இந்த ஆப்பைக் கொடுத்து, செருப்பால் இரண்டு அடி அடித்தேன். பலகையை மூன்று முறை தட்டினேன்.

ஆடவில்லை, சம்பந்தி.